வாலைக் கவ்விவிட்டுப் போகும் மீனுக்குத் தூண்டில் முள்ளை எங்கே வைப்பது?

மைட்லண்ட் கரை (ஒன்டாரியோ)

அனைவருக்கும் வணக்கம். ஹியூரன் ஏரியிலிருந்து மைட்லண்ட் ஆற்றுக்குள் ஏறி வரும் ஸ்டீல்ஹெட் மீன்களுக்காக (ரெயின்போ ட்ரவுட்டில் வலசை போகும் வகை) மூன்று ஆண்டுகளாக நானே ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் ரோமமும் கட்டிய போலி இரை, கட்டி வீசுகிறேன். கட்டும் வேலை ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் இந்த இலையுதிர் காலம் என்னைத் தூங்கவிடவில்லை.

கட்டும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 4ஆம் எண் முள், தண்டு நீளம் ஏறத்தாழ 3 செ.மீ. தண்டின் மேல் பழுப்புப் பச்சை முயல் தோல் பட்டை. அந்தப் பட்டை முள்ளின் வளைவைத் தாண்டிப் பின்னால் 5 செ.மீ. நீள்கிறது. தண்ணீரில் அது நெளிவதைப் பார்த்தால் எனக்கே கவ்வத் தோன்றும், அவ்வளவு உயிர்ப்பு.

கடைசி இரண்டு முறை சென்றபோது ஏழு கொத்து விழுந்தது. ஏழிலும் மீன் இல்லை. ஒரு முறை ஃப்ளையைச் சுருட்டிப் பார்த்தால் வால் நுனியில் ரோமம் பிடுங்கப்பட்டிருந்தது. மீன் வாலை மட்டும் கவ்விவிட்டுப் போகிறது என்பதில் சந்தேகமில்லை. முள்ளை வால் பக்கம் கொண்டுபோக வேண்டுமா? பின்னல் நூலில் வளையம் போட்டு, அதில் முள்ளை மாட்டி ஒன்று செய்து பார்த்தேன். நான்கு வீச்சுக்குள் அந்த முள் முன்பக்கம் மடிந்து தண்டைச் சுற்றிக்கொண்டது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

நூல்கட்டு (வான்கூவர்)

தம்பி, முள்ளைத் தொடுவதற்கு முன் உங்கள் கையைப் பற்றிக் கேட்க வேண்டும். கொத்து தெரிந்ததும் என்ன செய்தீர்கள்? கம்பைத் தூக்கிச் சுண்டினீர்களா?

குறுக்கே வீசி, நீரோட்டம் ஃப்ளையைக் கரைப்பக்கம் வளைத்துக் கொண்டுவரும்போது ஸ்டீல்ஹெட் பின்னாலிருந்து வருகிறது. கவ்வியதும் தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போதுதான் நூல் இழுபட்டு, முள் வாய்க்குள் நகர்ந்து கடைவாயில் ஏறும். முதல் கொத்திலேயே கம்பைத் தூக்கினால் ஃப்ளையை மீனின் வாயிலிருந்து நாமே பறித்துவிடுகிறோம். கம்பைத் தாழ்த்தி வையுங்கள். ரீல் சுழலும் வரை ஒன்றும் செய்யாதீர்கள். சுழன்ற பிறகு கம்பைக் கரைப்பக்கமாகச் சாய்த்து இழுங்கள், மேலே தூக்க வேண்டாம். இந்தப் பழக்கம் வர எனக்கு இரண்டு பருவம் பிடித்தது. கை தானாகவே தூக்கும், அதை அடக்க வேண்டும்.

அதையும் மீறி உங்கள் ஃப்ளையில் குறை இருக்கிறது. முள்ளுக்குப் பின்னால் 5 செ.மீ. வெறும் ரோமம் என்பது மிக அதிகம்.

நீண்ட தண்டுள்ள முள்ளை எடுத்து முள்ளைப் பின்னுக்குக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். மீன் தலையை உதறிப் புரளும்போது நீண்ட தண்டு நெம்புகோல்போல வேலை செய்து நுனியைக் கிளப்பிவிடும். பசிபிக் கரை ஆறுகளில் இதே தொல்லைதான் இருந்தது. 1990களில் எட் வார்ட் என்பவரும் அவரோடு மீன்பிடித்தவர்களும் இன்ட்ரூடர் என்ற பெரிய ஃப்ளையை உருவாக்கியபோது, இறகையும் மயிரையும் ஒரு வெறுந்தண்டில் கட்டினார்கள், முள்ளைத் தனியாகப் பின்னால் ஒரு வளையத்தில் தொங்கவிட்டார்கள். உருவம் பெரியது, முள் குட்டைத் தண்டுள்ள சிறியது. புரண்டாலும் நெம்புவதற்குப் பிடிமானம் இல்லை. முனை மழுங்கினால் முள்ளை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம், ஃப்ளை வீணாகாது.

உங்கள் வளையம் மடிந்ததற்குக் காரணம் நூல் மெத்தென்று இருந்தது, வளையமும் நீளம். நான் செய்வது இது: 30 பவுண்டு தாங்கும் விறைப்பான பின்னல் நூலை இரட்டையாக்கி, இரு முனைகளையும் தண்டின் வழியாக முன்னே கொண்டுபோய், தண்டின் காதுக்குள் நுழைத்துப் பின்னோக்கி மடக்கி, மறுபடியும் நூலால் இறுக்கிச் சுற்றுவேன். அதன் மேல் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. முன்னே மட்டும் சுற்றி விட்டுவிட்டால் கனமான மீன் ஒரு நாள் உருவிக்கொண்டு போய்விடும், மடக்குவது முக்கியம். பூச்சுள்ள மெல்லிய கம்பி இன்னும் விறைப்பாக நிற்கும்.

எவ்வளவு நீளம்? முள்ளின் வளைவு, வால் நுனிக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. முன்னால் நிற்க வேண்டும். நுனியோடு சமமாகவோ அதைத் தாண்டியோ போகக் கூடாது. அதற்கும் காரணம் உண்டு, பிறகு எழுதுகிறேன்.

---

பாரை வேட்டை (திருகோணமலை)

நான் ஆற்று மீன்காரன் இல்லை, கடல். இருந்தாலும் இந்தக் கேள்வி எங்களுக்கும் பழையது.

அறுக்குளா இருக்கிறதே, தமிழ்நாட்டில் வஞ்சிரம், நெய்மீன் என்பார்கள், அது இரை மீனை முழுதாக விழுங்குவதில்லை. பாய்ந்து வந்து பின்பாதியைக் கத்தியால் வெட்டியதுபோல் அறுத்துக்கொண்டு போகும். மூக்கில் மட்டும் முள் மாட்டி இழுத்தால் தலை மட்டும்தான் திரும்பி வரும். அதனால் இரண்டாவது முள்ளைக் கம்பியில் கோத்து வால் பக்கம் செருகுகிறோம். தங்கூசி (நைலான் இழை) அதன் பல்லுக்குத் தாங்காது.

கொடுவா நேர் எதிர். அருகில் வந்து வாயைப் பொக்கென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்ளும். நீளமான ஃப்ளையாக இருந்தாலும் முன்முள் போதும், எல்லாம் உள்ளே போய்விடும். வால்முள் வைத்தால் தொண்டைக்குள் இறங்கிச் செவுளைக் கிழிக்கும்.

ஆகவே மைட்லண்ட் அண்ணா, உங்கள் மீன் அறுக்கிற சாதியா, உறிஞ்சுகிற சாதியா என்பதை முதலில் பாருங்கள். ரோமம் பிடுங்கி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அறுக்கவும் இல்லை, உறிஞ்சவும் இல்லை, கிள்ளிப் பார்த்திருக்கிறது. மூன்றாவது வகை.

---

குந்தா ஓடை (நீலகிரி)

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் மலையில் ட்ரவுட் இயற்கையாக இருந்த மீன் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பலமுறை முயன்றார்கள், பிறகு எச்.சி. வில்சன் என்ற மீன்வள அதிகாரியின் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் இங்கே வேர் பிடித்தது. இன்று அனுமதி பெற்று மீன்பிடிக்கும் எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரு சாண் நீள மீன்கள். அவற்றை மறுபடியும் தண்ணீரில் விடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் பார்த்து நானும் வால்முள் ஃப்ளை கட்டினேன். நுனி மேல்நோக்கி நிற்கும்படி. முதல் நாள் மூன்று மீன் ஏறியது. மூன்றாவது மீனுக்கு முள் மேலண்ணத்தைத் துளைத்துக் கண்ணுக்குள் வந்திருந்தது. விட்டால் பிழைக்காது என்று தெரிந்தும் விட்டேன், பக்கவாட்டில் சாய்ந்தபடியே போயிற்று. அன்றே அந்தப் பெட்டியில் இருந்த வால்முள் ஃப்ளை எல்லாவற்றையும் வெட்டிப் போட்டேன்.

பெரிய மீனின் மண்டையெலும்பு தடிமனானது, அங்கே இது அரிதாக இருக்கலாம். சிறிய மீனுக்கு அண்ணத்துக்கும் கண்ணுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. கொத்து தவறுவது நமக்கு ஏமாற்றம், அவ்வளவுதான். கண் போவது அதற்கு உயிர். என் பரிந்துரை: வாலைக் குறையுங்கள். வூலி பக்கர் ஃப்ளையில் வால் நீளம் தண்டின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற பழைய அளவு சும்மா வந்ததில்லை. வாலுக்குக் கட்டும் மரபூ (marabou) என்ற மெல்லிறகு நீளமாக இருந்தால் கத்தரியால் வெட்டாமல் நகத்தால் கிள்ளி எடுங்கள். வெட்டினால் நுனி மொட்டையாகி நெளிவு போய்விடும்.

---

நூல்கட்டு (வான்கூவர்)

குந்தா ஓடை எழுதியதில் ஒரு வரியையும் நான் மறுக்க மாட்டேன். மேலே "காரணம் பிறகு எழுதுகிறேன்" என்றேனே, அது இதுதான். முள் வால் நுனியைத் தாண்டிப் போனால், தலைப்பக்கமாகக் கவ்வும் மீனுக்கு அது தொண்டையிலோ, வாய்க்கு வெளியே கன்னத்திலோ குத்தும். ஒரு செ.மீ. உள்ளே நின்றால் வாலைக் கிள்ளும் மீனும் சிக்கும், முழுதாக விழுங்கும் மீனும் கடைவாயோடு தப்பும்.

ஆற்றிலேயே வளரும் ட்ரவுட்டுக்கு வால்முள் வேண்டாம். கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய்த் திரும்பி வரும் பெரிய மீனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முள்ளின் பல்லை, நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டும் சிறு கொக்கியை, குறடால் நசுக்கிவிடுங்கள். எங்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாநில ஆறுகளில் பல் இல்லாத ஒற்றை முள் மட்டுமே அனுமதி. அதனால் மீன் குறைந்துவிட்டதாக நான் உணரவில்லை, நூல் தளராமல் வைத்திருந்தால் பல் இல்லாத முள்ளும் நிற்கும்.

ஒற்றை முள் விதி உள்ள இடத்தில், முன்னே ஒரு பழைய முள்ளில் கட்டிப் பின்னே இன்னொன்றை மாட்டுபவர்கள் முன்முள்ளை வளைவில் வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள், கண்ணாடியும் போடுங்கள். தெறிக்கும் துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

நுனி மேலா கீழா என்பதில், கூழாங்கல் அடித்தளம் என்றால் நான் மேல்நோக்கியே வைக்கிறேன். கல்லில் மாட்டாது. சிறு மீன்கள் கலந்திருக்கும் ஓட்டத்தில் கீழ்நோக்கி.

---

முதல் முடிச்சு (திண்டுக்கல்)

பெரியவர்களுக்கு நடுவில் அடிப்படைக் கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் அதை எந்த இடத்தில் பிடிப்பது? நுனி வெளியே தெரிந்தால் நூல் அதில் பட்டு அறுந்துவிடுகிறது. அதனால் நுனியையும் தாடைக்குள் மறைத்துப் பிடிக்கிறேன். சரியா?

---

குந்தா ஓடை (நீலகிரி)

சரியில்லை. நுனியைத் தாடைக்குள் நெரித்தால் அது மழுங்கும், சில சமயம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து மீன் இழுக்கும்போது முறியும். வளைவின் அடிப்பகுதியை மட்டும் பிடியுங்கள், நுனியும் பல்லும் வெளியே நிற்கட்டும். தண்டு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கட்டத் தொடங்கும் முன் தண்டை விரலால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், முள் நழுவாமல் வில்போல் துள்ள வேண்டும்.

நூல் அறுவது பழகப் பழக நின்றுவிடும். நூல்கண்டைத் தாங்கும் பாபினைத் தண்டுக்கு அருகிலேயே, விரல் நுனி அளவு நூல் விட்டுச் சுற்றுங்கள். இன்னொன்று, காதுக்குப் பின்னால் ஒரு காதின் அகலம் வெற்றிடம் விடுங்கள். புதிதாகக் கட்டுபவர் எல்லோரும் தலையில் நெருக்கிவிடுவார்கள், கடைசியில் முடிச்சுப் போட இடம் இருக்காது.

---

வடகடல் காற்று (அபர்டீன்)

இந்த ஊரில் இருந்துகொண்டு டியூப் ஃப்ளை பற்றிச் சொல்லாமல் போனால் குற்றம். 1940களில் இதே அபர்டீனில், ஒரு தூண்டில் கடையில் ஃப்ளை கட்டிக்கொண்டிருந்த மின்னி மொராவ்ஸ்கி என்ற பெண்தான் முள்ளில் கட்டாமல் குழாயில் கட்டத் தொடங்கியவர் என்று இங்கே சொல்வார்கள். வான்கோழி இறகின் காம்பை உள்ளீடு நீக்கிக் குழாயாக்கி, அதன் மேல் மயிரைக் கட்டினாராம். இன்று பிளாஸ்டிக், பித்தளை, அலுமினியக் குழாய்கள் வந்துவிட்டன.

குழாய்க்குள் தூண்டில் நரம்பை நுழைத்து, பின்னால் முள்ளைக் கட்டி, முள்ளின் காதை ஒரு சிறு ரப்பர் குழலில் செருகிவிடுகிறோம். மீன் சிக்கியதும் முள் ரப்பர் குழலிலிருந்து கழன்று, ஃப்ளை நரம்பின் வழியே மேலே ஏறிப் போய்விடும். மீனின் வாயில் இருப்பது குட்டை முள் மட்டும். நெம்பவும் முடியாது, ஃப்ளையைப் பல்லால் குதறவும் முடியாது. முள்ளின் இடத்தை மாற்ற வேண்டுமா? ரப்பர் குழலை அரை செ.மீ. நீட்டினாலோ வெட்டினாலோ போதும், கட்டியதை அவிழ்க்க வேண்டியதில்லை. மைட்லண்ட் கரை போல் இடம் தேடிக்கொண்டிருப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை என்பது என் துணிபு.

நெருக்கமாக ரோமம் அடர்ந்த நீண்ட வாலுக்கு மட்டும் குழாய் ஒத்துவராது. வால் முள்ளைத் தாண்டித் தனியே அலையும், பழைய சிக்கலே திரும்பி வரும்.

---

மைட்லண்ட் கரை (ஒன்டாரியோ)

எல்லோருக்கும் நன்றி. குந்தா ஓடையின் மூன்றாவது மீனைப் பற்றி இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆம், நூல்கட்டு ஐயா, ஏழு கொத்திலும் கம்பைத் தூக்கினேன். இரை போட்டு மீன்பிடித்த காலத்துப் பழக்கம்.

இரவு மேசையில் மூன்று விதமாகக் கட்டிக் குளியல் தொட்டியில் இழுத்துப் பார்த்தேன். முதலாவது, வெறுந்தண்டும் பின்னல் நூல் வளையமும்: நூலை மடக்கிக் கட்டியதும் விறைப்பாகத்தான் நின்றது, ஆனால் முயல் பட்டை மேலே கிளம்பி முள் கீழே தொங்கியது. இரண்டும் வேறு வேறு திசையில் போயின. இரண்டாவது, பித்தளைக் குழாய்: வடகடல் காற்று சொன்னதுபோலவே வால் அலைந்தது. மூன்றாவதில் முதலாவதைப் போலவே வளையத்தில் மாட்டிய முள்ளின் நுனியை முயல் தோலின் பின்முனைக்குள் துளைத்து ஏற்றினேன். தோல் முள்ளோடு சேர்ந்து ஒரே கோட்டில் நின்றது, மடியவில்லை, ரோமம் மட்டும் நெளிந்தது. துளையை ஓரத்தில் போட்டால் கிழிகிறது. தோலின் முனையிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே போட வேண்டும். பார்த்தால் ஐயா சொன்ன அதே அளவு!

---

குந்தா ஓடை (நீலகிரி)

மூன்றாவது நன்றாக இருக்கிறது. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் எதைக் குறிவைக்கிறதோ அதை முள்ளுக்கு அருகில் வையுங்கள். ஒரே நிறத்தில் நீண்டு கிடக்கும் ஃப்ளையில் மிக அதிகமாக ஆடுவது வால் நுனி, அதனால் அங்கே கொத்துகிறது. முள்ளுக்கு நேர் மேலே அடர் ஆரஞ்சில் இரண்டு சுற்று நூலோ ரோமமோ போட்டால் கண் அங்கே போகும்.

பழைய சால்மன் ஃப்ளைகளின் கன்னத்தில் கண்போல் ஓர் இறகு வைப்பார்கள் அல்லவா? அது எங்கள் காட்டுக்கோழியின் கழுத்திறகு. மெழுகு தடவியதுபோல் மஞ்சள் வெள்ளைப் புள்ளி. காலையில் சோலை ஓரத்தில் சேவல் வந்து நிற்கும்போது அந்தக் கழுத்து வெயிலில் மின்னுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் இந்தத் தோல்கள் இங்கிருந்து கப்பல் ஏறின. இன்று இந்தியாவில் இது சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை, யாராவது இங்கிருந்து இறகு அனுப்புகிறேன் என்றால் வாங்காதீர்கள். பிரிட்டனில் பண்ணையில் வளர்த்த கோழிகளின் இறகு விற்பனைக்கு உண்டு. வண்ணம் அடித்த பிளாஸ்டிக் கண்ணும் போதும்.

---

பாரை வேட்டை (திருகோணமலை)

கண் விடயத்தில் உடன்பட முடியவில்லை. கண்ணைத் தலையில் வைத்தால் மீன் தலையைத்தான் குறிவைக்கும் என்று நினைத்துத்தானே அந்தக் கண் இறகைச் சொன்னீர்கள்? அறுக்குளாவுக்குக் கண் எங்கே இருந்தாலும் ஒன்றுதான், அது வாலைத்தான் அறுக்கும். தப்பி ஓடும் உறுப்பை முதலில் செயலிழக்க வைக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். வண்ணத்தை முள்ளருகே வைப்பது சரி, அதில் எனக்கு மறுப்பு இல்லை.

---

நூல்கட்டு (வான்கூவர்)

இருவரும் வெவ்வேறு மீனைப் பற்றிப் பேசுகிறீர்கள். பைக் மீனுக்கு எட்டு அங்குல ஃப்ளை கட்டி முள்ளை முன்னாலேயே வைக்கிறார்கள், அது இரையின் நடுவில் குறுக்காகக் கவ்விப் பிறகு தலைப்பக்கம் திருப்பி விழுங்குவதால் முன்முள் போதுமானது. பாப் கிளவுசர் சஸ்குவஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்குக் கட்டியதிலோ, கண்போன்ற ஈயக் குண்டுகளைத் தண்டின் மேல், காதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தார். எடை மேலே வந்ததால் முள் தலைகீழாகப் புரண்டு நுனி மேல்நோக்கி நின்றது. முள்ளை நகர்த்தவே இல்லை, எடையை நகர்த்தினார். மைட்லண்டில் கோடையில் பாஸ் பிடிக்கும்போது அதைக் கட்டிப் பாருங்கள் தம்பி.

---

மைட்லண்ட் கரை (ஒன்டாரியோ)

சனிக்கிழமை போய்வந்தேன். முந்தின நாள் மழை, தண்ணீர் தேநீர் நிறத்தில், முழங்கால் ஆழத்தில் பாதம் மங்கலாகத் தெரிந்தது. 2ஆம் எண் குட்டை முள், பல்லை நசுக்கியது, தோலில் துளைத்து ஏற்றியது, முள்ளுக்கு மேல் ஆரஞ்சு நூல் இரண்டு சுற்று. நுனி கீழ்நோக்கி வைத்தேன். கல்லில் ஓரிரு முறை மாட்டியது, பரவாயில்லை.

காலையில் முதல் கொத்து. கை துடித்தது. கம்பை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பற்களைக் கடித்தபடி நின்றேன். அதே மீன் மறுபடியும் இழுத்தது, பிறகு ரீல் அலறியது. கரைப்பக்கம் சாய்த்தேன். பதினைந்து நிமிடம் போல் இருக்கும், பெட்டை மீன், உருக்கிய வெள்ளி போல் இருந்தது. முள் இடது கடைவாயில், எலும்பு மடிப்பில் அழகாக உட்கார்ந்திருந்தது. விரலால் தள்ளியதும் கழன்றது. தண்ணீரிலிருந்து தூக்காமலே விட்டேன்.

மதியத்துக்கு மேல் இன்னொன்று. அதற்கு முள் வெளியே, தாடைக்குக் கீழே தோலில் குத்தியிருந்தது. அதுவும் நலமாகப் போனது, ஆனால் மனம் ஒப்பவில்லை. இன்னும் இரண்டு கொத்து தவறியது. மொத்தம் நான்கு கொத்து, இரண்டு மீன்.

தாடைக்குக் கீழே குத்தியது எதைக் காட்டுகிறது?

---

நூல்கட்டு (வான்கூவர்)

வெள்ளி மீனுக்கு வாழ்த்துகள். கம்பைத் தூக்காமல் நின்றீர்களே, அதற்குத் தனி வாழ்த்து.

வெளியே குத்தினால் இரண்டு காரணம் இருக்கலாம். முள் இன்னும் பின்னால் நிற்கிறது, அல்லது மீன் கவ்வாமல் மோதிப் பார்த்திருக்கிறது. ஒரு மீனை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த ஃப்ளையை நனைத்து, தொங்கவிட்டு, வளைவிலிருந்து ரோம நுனி வரை அளந்து எழுதுங்கள். காய்ந்திருக்கும்போது அளந்தால் ரோமம் உப்பி ஏமாற்றும்.

---

மைட்லண்ட் கரை (ஒன்டாரியோ)

நனைத்து அளந்தேன். தோல் முனைக்கு ஒரு செ.மீ. இருக்கிறது. ஆனால் ரோமம் நனைந்து ஒட்டியதும் தோலைத் தாண்டி 3 மி.மீ.தான் நீள்கிறது, நான் அதை 1 செ.மீ. என்று கணக்கில் வைத்திருந்தேன். வளையத்தை 5 மி.மீ. குறைத்து இன்று இரவே இரண்டு கட்டுகிறேன். துளையையும் அதே அளவு முன்னே நகர்த்த வேண்டும் அல்லவா?

---

நூல்கட்டு (வான்கூவர்)

ஆம், இரண்டையும் சேர்த்து நகர்த்துங்கள். துளையை விட்டுவிட்டு வளையத்தை மட்டும் குறைத்தால் தோல் நடுவில் புடைத்து வில்லாக வளையும், ஃப்ளை சுழலத் தொடங்கிவிடும். நரம்பும் முறுக்கிக்கொள்ளும். முள் நுனியை நகத்தில் வைத்துப் பாருங்கள், வழுக்கினால் மாற்றிவிடுங்கள்.